பழைய குளியலறை: உடைப்பதா, மேலே ஒட்டுவதா?

முப்பது ஆண்டு வயதான வீடு என்றால் அதன் குளியலறையைப் பார்க்காமலேயே பாதி சொல்லிவிடலாம். தோள் உயரம் வரை எட்டுக்கு நான்கு அங்குல வெள்ளை டைல்ஸ், அதற்கு மேல் சுண்ணாம்பு, தரையில் மொசைக், திருகினால் முனகுகிற பித்தளைக் குழாய், மறுபக்கத்துப் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிப் பெயிண்ட் உரிந்த திட்டு. இதைப் புதுப்பிக்க வேண்டும் என்று முடிவானதும் வீட்டில் முதலில் நடப்பது டைல்ஸ் கடைக்குப் போவது. கடைசியாகப் போக வேண்டிய இடம் அது. நிறம் பிடிக்காமல் போனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு பத்து ஆண்டுகள் குளித்துவிடலாம். தரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் எடுக்கிற முடிவு பிசகினால் ஓராண்டுக்குள் மறுபடியும் கொத்தனாரைத் தேட வேண்டும். அதனால் இந்த ஒப்பீட்டில் கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கணக்குக்கு ஓர் அறையை வைத்துக்கொள்வோம். ஐந்துக்கு ஏழடி, மாடி வீட்டின் முதல் தளம், மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டி, போர்வெல் தண்ணீர். சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் தெருவுக்குப் பத்து இருக்கும். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவைக்காரர்கள் உப்புப் படிவைப் பற்றி நான் புலம்புகிற வரிகளைத் தாண்டிப் போகலாம்.

ஓதம் எங்கிருந்து வருகிறது?

உடைப்பதா வேண்டாமா என்பதை இந்தக் கேள்விதான் தீர்மானிக்கும். கசிவுக்கு மூன்று ஊற்றுகள் உண்டு: தண்ணீர் கொண்டுவரும் குழாய், கழிவு கொண்டுபோகும் குழாய், தரை. முதலாவது இரவும் பகலும் கசியும், ஏனென்றால் அதில் எப்போதும் அழுத்தம் இருக்கிறது. மற்ற இரண்டும் குளித்த பிறகு மட்டும் ஈரம் காட்டும். அறையை இரண்டு மூன்று நாள் பூட்டிவைத்து, தொட்டியிலிருந்து இறங்கும் வால்வை மட்டும் திறந்தே விட்டால் பாதி விடை கிடைத்துவிடும். ஈரம் காயாமல் இருந்தால் குழாய். காயத் தொடங்கினால் தரை அல்லது கழிவு. பிறகு தரைத் துவாரத்தைத் துணியும் பிளாஸ்டிக் தாளும் வைத்து அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு ஒரு நாள் காத்திருக்கலாம். நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினாலோ, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்தாலோ தரைதான் குற்றவாளி. காசு செலவில்லாத சோதனை. ஆனால் மதிப்பீடு போட வருகிற பத்துப் பேரில் ஒருவர்கூட இதைச் செய்யச் சொல்லமாட்டார். அவருக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே பதில்தான்.

ஒட்டுதல், உடைத்தல், பாதி உடைத்தல்

மிக எளிய வழி, பழைய டைல்ஸை அப்படியே விட்டு இடுக்குகளைச் சுரண்டிப் புதிய கிரௌட் நிரப்பி, குழாய்களை மாற்றுவது. வாடகை வீட்டுக்கும், ஓரிரு ஆண்டில் இடிக்கப்போகும் வீட்டுக்கும் அதற்கு மேல் தேவையில்லை. அதை இங்கே விட்டுவிடுவோம்.

பழைய டைல்ஸ் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. பாலிமர் கலந்த பசை வந்த பிறகு அது பொருத்தமான வழியாகவும் ஆகிவிட்டது. சிமென்ட் பாலில் ஒட்டினால் பழைய பளபளப்பின் மேல் பிடிக்காது; இதற்கென்று விற்கும் பசைதான் வேண்டும், பழைய முகத்தைக் கொஞ்சம் கொத்திச் சொரசொரப்பாக்கவும் வேண்டும். நன்மை வெளிப்படை: நான்கைந்து நாளில் முடியும், செங்கல் தூசி வீடெங்கும் பரவாது, குப்பை அள்ள வண்டி பிடிக்க வேண்டாம், கீழ்வீட்டுக்காரரிடம் போய் நிற்க வேண்டாம். வீட்டில் ஒரே ஒரு குளியலறைதான் என்றால் இதன் அருமை இன்னும் தெரியும்.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பழைய டைல்ஸ் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். அங்கங்கே ஒன்றிரண்டு ‘டொக் டொக்’ என்று உள்ளீடற்ற ஓசை தந்தால் அவற்றை மட்டும் பெயர்த்துவிடலாம். சுவர் முழுக்க அப்படி ஒலித்தால் விழப்போகிற சுவருக்குச் சட்டை போடுகிறீர்கள் என்று பொருள். இரண்டாவது, உயரம். புதிய டைலும் பசையும் சேர்ந்து அரை அங்குலத்துக்கு மேல் தரையை உயர்த்தும். பழைய வீடுகளில் குளியலறைத் தரை வெளியறையைவிட ஓர் அங்குலம்தான் தாழ்ந்திருக்கும். அதில் பாதியைத் தின்றுவிட்டால் துவாரம் ஒருநாள் முடியால் அடைத்துக்கொண்டவுடன் தண்ணீர் நேராகக் கட்டிலுக்கு அடியில் போகும். கதவின் அடியை அறுக்க வேண்டும், தரைச் சல்லடையை உயர்த்த வேண்டும், சுவரில் குழாய் வாய்கள் உள்ளே போய்விடுவதால் நீட்டிப்புத் துண்டு மாட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடியில் கசிவு இருந்தால் அது அப்படியே இருக்கும். ஒட்டியவர் பொய் சொல்லவில்லை. கசிவை நிறுத்துவதாக அவர் சொல்லவே இல்லை.

முழுதாக உடைப்பது இரண்டு மூன்று வாரத் துன்பம். அதற்கு விலையாகக் கிடைப்பது என்ன என்றால், முதலில் குழாய்கள். அந்தக் காலத்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை வெட்டிப் பார்த்தால் துருவும் உப்பும் சேர்ந்து உள்வழி சுருங்கிப்போயிருக்கும். ஷவரில் நூல் போலத் தண்ணீர் வருவதற்கு ஷவரைக் குறைசொல்லிப் பயனில்லை. இன்று வெந்நீருக்குச் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. குழாய் போதும், யு.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் குழாய் குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும்தான், அதைக் கீசர் பக்கம் கொண்டுபோகக் கூடாது. விலை குறைவு என்று இரண்டையும் மாற்றிப்போடுகிற பிளம்பர்கள் உண்டு. குழாயின் மேல் அச்சிட்டிருப்பதை நீங்களே படித்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தரைக்குள் இருக்கும் பள்ளம். அடுக்கு வீடுகளில் குளியலறைத் தளத்தை ஒரு அடி அளவுக்குத் தாழ்த்திக் கட்டி, கழிவுக் குழாய்களை அதில் ஓட்டி, செங்கல் சல்லியால் நிரப்பியிருப்பார்கள். மேலே டைல்ஸ் இடுக்கில் இறங்கும் ஒவ்வொரு சொட்டும் அந்தச் சல்லிக்குள் சேர்ந்து நிற்கும். உங்களுக்குத் தெரியாமல் தரைக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. உடைத்தால் அதைக் காலிசெய்து, கான்கிரீட்டின் மேல் இரண்டு பூச்சு நீர்ப்புகாக் கலவை அடித்து, பள்ளத்தின் அடியிலிருந்து வெளிச்சுவருக்கு ஒரு சிறு வடிகுழாயும் விடலாம். பிற்காலத்தில் அதில் சொட்டினால் கசிவு தொடங்கிவிட்டது என்று கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுமுன் நமக்குத் தெரியும். மீண்டும் நிரப்ப எடை குறைந்த ஏ.ஏ.சி. (காற்றுத் துளைகள் நிறைந்த கான்கிரீட்) கட்டித் துண்டுகள் நல்லவை.

பள்ளம் இல்லாமல் கட்டிய பழைய அடுக்கு வீடுகளும் உண்டு. அங்கே உங்கள் கழிவுக் குழாய் கீழ்வீட்டுக் குளியலறைக் கூரைக்கு அடியில் தொங்கும். அதில் கைவைக்க அவர் வீட்டுக்குள் ஏணி போட வேண்டும். சங்கத்தின் அனுமதிக் கடிதத்தைவிட அந்த வீட்டம்மாவின் சம்மதம்தான் முக்கியம். வேலை தொடங்கும் தேதியை அவரைக் கேட்டே குறியுங்கள்.

நீர்ப்புகாப் பூச்சு என்றதும் எல்லாரும் தரையைத்தான் நினைக்கிறார்கள். சுவரில் குறைந்தது ஓர் அடியும், ஷவர் நிற்கும் மூலையில் ஆள் உயரத்துக்கு மேலும் அடித்தாக வேண்டும். படுக்கையறைப் பக்கத்து ஓதம் பெரும்பாலும் அங்கிருந்துதான். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் நிறுத்திக் குறைந்தது 48 மணி நேரம் வைத்துப் பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். ‘நாளைக்கு வேறு சைட் இருக்கிறது’ என்று கொத்தனார் அவசரப்படுவார். படட்டுமென்று விடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் நான் பரிந்துரைப்பது பாதி உடைப்பது. தரையை முழுவதும், அதையொட்டிச் சுவரில் ஓர் அடியையும், ஷவரும் குழாய்களும் இருக்கிற ஒரு சுவரை முழுவதும் உடைத்துவிட்டு, மீதிச் சுவர்களில் பழையதன் மேல் ஒட்டுவது. கசிவு வரக்கூடிய இடங்கள் எல்லாம் அந்த உடைப்புக்குள் அடங்கிவிடும். ஒரு சுவர் மட்டும் அரை அங்குலம் வித்தியாசப்படும் என்று சில கொத்தனார்கள் முணுமுணுப்பார்கள்; உடைத்த சுவரில் பூச்சைச் சற்றுத் தடிமனாக எடுத்தால் தீர்ந்தது. ஜி.ஐ. குழாய் நான்கு சுவரிலும் ஓடினால் மட்டும் இந்த வழி உதவாது. அப்போது முழுதாகத்தான் உடைக்க வேண்டும். குழாய்களை ஏற்கெனவே மாற்றியிருந்து, தண்ணீர் நிறுத்திய சோதனையில் தரையும் தேறினால் உடைக்கவே வேண்டாம், ஒட்டுங்கள்.

ஷவர்: கடையில் கொட்டியது வீட்டில் சொட்டுவது ஏன்

ஷோரூமில் எட்டு அங்குல மழை ஷவரைத் திறந்து காட்டுவார்கள். அருவி போலக் கொட்டும். அதற்குப் பின்னால் ஒரு பம்ப் ஓடுகிறது. நம் வீட்டில் பம்ப் கிடையாது, தொட்டியின் உயரம்தான் உண்டு. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் மேடையில் தொட்டி, அதில் பாதித் தண்ணீர், முதல் தளத்தில் ஏழடி உயரத்தில் ஷவர் என்று கூட்டிப் பாருங்கள். இரண்டரை மீட்டர் தேறினால் அதிகம், கால் பார். கீழ்த்தளத்தில் இன்னொரு மாடி உயரம் சேர்வதால் அரை பாருக்குக் கொஞ்சம் மேலே. அகன்ற மழை ஷவர் ஒழுங்காக விழ ஒரு பாரையாவது கேட்கும். அதனால் ஒரே வீட்டில் தாத்தா குளிக்கும் கீழறையில் ஷவர் ஓரளவு விழும், மேலறையில் அழும்.

இதற்கு மூன்று மருந்துகள். தொட்டியை உயர்த்தலாம்; ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன், மேடையைத் தூண் அல்லது உத்தரம் இருக்கும் இடத்தில்தான் கட்ட வேண்டும், ஒரு மீட்டர் உயர்த்தினால் கிடைப்பதும் கூடுதலாகப் பத்தில் ஒரு பங்கு பார்தான். அழுத்தப் பம்ப் வைக்கலாம். கொட்டும், ஆனால் மின்சாரம் போனால் நிற்கும், பழைய குழாய்கள் இருந்தால் அந்த அழுத்தத்தில் புதிய கசிவுகள் பிறக்கும், அதிகாலையில் யார் குளிக்கிறார்கள் என்பது தெருவுக்கே கேட்கும். பம்ப் வைப்பவர்கள், அது நின்றாலும் தண்ணீர் வர, அதைச் சுற்றி ஒரு மாற்றுவழிக் குழாயும் போட்டுவைக்க வேண்டும். மூன்றாவது, ஆசையைக் குறைத்துக்கொண்டு நான்கு அங்குல ஷவரும் ஒரு கைஷவரும் மாட்டுவது. என் தேர்வு இதுதான். கைஷவர் வயதானவர்களை முக்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டவும், குழந்தைக்குத் தலைகுளிப்பாட்டவும், பிறகு தரையைக் கழுவவும் உதவும். தலைக்கு மேலே பொருத்திய தட்டால் இவற்றில் ஒன்றும் முடியாது.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டும் ஷவரில் எட்டு நிமிடம் நின்றால் எண்பது லிட்டர். வாளியில் இரண்டு நிரப்பினால் நாற்பதில் குளியல் முடிந்துவிடும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆகவே புதுப்பிக்கும்போது வாளிக் குழாயை எடுத்துவிடாதீர்கள். வாளி அடியில் தாராளமாக நிற்கும் உயரத்தில் அது இருக்கட்டும்.

அடுத்து, வெந்நீரையும் குளிர்ந்த தண்ணீரையும் கலந்து தரும் குழாய்: உடலைச் சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டரா, வெளியே தெரியும் வால் மிக்சரா? பார்வைக்கு டைவர்ட்டர் துப்புரவானது. ஆனால் போர்வெல் தண்ணீரின் உப்பு அதன் உள்ளுறுப்பைச் சில ஆண்டுகளில் இறுக்கிவிடும். அதே கம்பெனியின் அதே மாடலுக்கு உதிரிப்பாகம் அன்றைக்குக் கிடைத்தால் தப்பித்தீர்கள். கிடைக்காவிட்டால் டைல்ஸை உடைக்க வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் அதற்குப் பள்ளம் வெட்டுவதும் நல்லதல்ல, சுவரின் பாதி போய்விடும். வால் மிக்சருக்குச் சுவரில் இரண்டு வாய்கள், நடுவிலிருந்து நடுவுக்கு 150 மில்லிமீட்டர். எல்லாக் கம்பெனிக்கும் அதே அளவு. பழுதானால் பிளம்பர் அரைமணி நேரத்தில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டிவிடுவார், அது எந்தப் பெயரில் வந்தாலும் சரி. அழகு வேண்டுமென்றால் மிக்சரிலிருந்து மேலே எழும் வெளிக்கம்பி ஷவர் இருக்கிறது. அது புதைத்ததற்குச் சற்றும் குறைந்ததாகத் தெரியாது.

ஈரம் ஒரு பக்கம், காய்ந்தது ஒரு பக்கம்

ஐந்துக்கு ஏழடியில் கண்ணாடிக் கூண்டு கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டரை அடி அகலக் கூண்டுக்குள் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்: முழங்கை இடிக்கும், சீயக்காய்த் தண்ணீர் கண்ணாடியெல்லாம் தெறிக்கும், முதுகு தேய்க்க இன்னொருவர் உள்ளே வர முடியாது. உப்புத்தண்ணீர் ஊர்களில் ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் ரப்பர் துடைப்பானால் வழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூன்றே மாதத்தில் கண்ணாடி வெளுத்துவிடும். திரைச்சீலை மலிவு, கடலோரப் புழுக்கத்தில் கரும்பூஞ்சை அதைவிட மலிவு. தரையில் இரண்டு அங்குலத் திண்டு கட்டினால் தண்ணீர் நிற்கும், பாட்டியின் கால் தடுக்கும்.

இடத்தை அமைப்பதிலேயே பாதித் தடுப்பு கிடைக்கிறது. கதவருகே பேசின், நடுவில் கழிப்பறை இருக்கை, கோடியில் ஷவர், அந்தக் கோடியை நோக்கி வாட்டம். ஷவர்ப் பகுதியை மட்டும் அரை அங்குலம் தாழ்த்தலாம். அதற்கும் மேல் வேண்டுமென்றால் கதவில்லாத ஒற்றைக் கண்ணாடிப் பலகை, எட்டு மில்லிமீட்டர் டஃபன்ட் (சூடேற்றி வலுவூட்டிய) கண்ணாடி, இருக்கைக்கும் ஷவருக்கும் நடுவில் போதும். கழுவுவதற்கு ஒரே ஒரு முகம்தான்.

வாட்டம் என்றவுடன் தரை டைல்ஸ். மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் தண்ணீர் தேங்காது. ஒரு புள்ளியை நோக்கி நான்கு பக்கமும் சாய வேண்டுமானால் சிறிய டைல்ஸ் வேண்டும். ஓரடிக்கு ஓரடி அதிகபட்சம். இரண்டுக்கு நான்கடிப் பலகைகளை இந்த அறையில் போட்டால் மூலைவிட்டமாக அறுத்துத்தான் சாய்க்க முடியும், அல்லது சுவரோரம் நீளச் சல்லடை வைத்து ஒரே திசையில் சாய்க்க வேண்டும். வழுக்காமைக்கு மேட் முகம் என்று கடைக்காரர் சொல்வது போதாது. ஆர் 10 அல்லது ஆர் 11 என்று அட்டைப்பெட்டியிலோ கம்பெனிப் பட்டியலிலோ இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய்க் குளியல் நடக்கும் வீட்டில் ஆர் 11 தான். ஆத்தங்குடிக் கற்களைக் குளியலறையில் போட ஆசைப்படுகிறவர்களும் இப்போது உண்டு. கூடத்துக்கு அதைவிட அழகானது கிடையாது. ஆனால் சிமென்டில் செய்தது, தண்ணீரை உறிஞ்சும், கழிப்பறை கழுவும் அமிலம் பட்டால் அரித்துப்போகும். இதே அமிலம் சாதாரண சிமென்ட் கிரௌட்டையும் தின்னும். எப்பாக்சி கிரௌட் பல மடங்கு விலை, ஒட்டுபவருக்கும் கைப்பழக்கம் வேண்டும். தரைக்கும் ஷவர்ச் சுவருக்கும் அதைப் போட்டு, மற்றச் சுவர்களில் சாதாரணமானதைப் போடலாம். நிறத்தில், தூய வெள்ளை துருக்கறையைக் காட்டும், கறுப்பு உப்பைக் காட்டும். வெளிர் சாம்பலில் புள்ளியிட்டவை இரண்டையும் மறைத்துவிடும்.

கழிப்பறை இருக்கை, கீசர் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவரில் தொங்கும் இருக்கை அடியைத் துடைக்க எளிது, ஆனால் சுவருக்குள் இரும்புச் சட்டமும் புதைத்த தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். டைவர்ட்டருக்குச் சொன்ன அதே காரணத்தால் தரையில் நிற்பதே என் விருப்பம். வாங்கப் போவதற்கு முன், சுவரிலிருந்து கழிவு வாயின் நடுப்புள்ளி எவ்வளவு தொலைவு என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள்; நான்கு அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் வெவ்வேறு மாடல். கீசரில், ஷவர் பழக்கம் உள்ள வீட்டுக்கு 15 லிட்டர். 2 கிலோவாட் என்றால் தண்ணீரை 30 டிகிரி சூடேற்றக் கால்மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம் ஆகும், அரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். மூன்று லிட்டர் உடனடிக் கீசர் ஒரு வாளிக்காரருக்குச் சரி. உதகை, கொடைக்கானல் குளிருக்கு அது காணாது. எதை வாங்கினாலும் தனி எர்த் கம்பியும், 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்பு சுவிட்சும் இல்லாமல் இணைக்க விடாதீர்கள். இந்தப் பட்டியலில் பேரம் பேசக் கூடாத ஒரே செலவு அதுதான்.

சுவரை மூடுவதற்கு முன்னால் இரண்டு வேலை மிச்சம். எல்லா வாய்களையும் அடைத்துவிட்டுக் கைப்பம்பால் குழாய்களில் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பிளம்பரைக் காட்டச் சொல்லுங்கள். அதன்பின் அளவு நாடாவைச் சுவரில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயும் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை அங்குலத்தில் போகிறது என்று தெரியும்படி படம் எடுத்து வீட்டில் எல்லார் கைபேசிக்கும் அனுப்பிவையுங்கள். துண்டு போடும் கம்பி மாட்ட யாராவது டிரில் எடுத்துக்கொண்டு வரும் நாளில் அதைத் தேடுவீர்கள்.